‘முடிஞ்சிடுச்சு, டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி’: சின்ன டீமில் ஸ்க்ரம் நடத்துவது எப்படி

"முடிஞ்சிடுச்சு, டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி." சாஃப்ட்வேர் டீம்களில் தினமும் காதில் விழும் வாக்கியம் இது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கோட் எழுதியாயிற்று என்பதைத்தான் அவர் முடிந்தது என்கிறார். கேட்டவரோ நாளைக்கே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் சில சமயம் மூன்று வாரம் கிடக்கும். வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்து முடிக்கும் ஸ்க்ரம் முறையைத் தொடங்குகிற டீம்கள் பெரும்பாலும் மீட்டிங்குகளில் தொடங்குகின்றன: காலையில் நின்றுகொண்டு பேசுவது, சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுவது, ஜிரா என்ற வேலைப் பட்டியல் டூலில் கணக்குத் திறப்பது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மீட்டிங்குகள் மட்டும் கூடியிருக்கும், அந்த மூன்று வார இடைவெளி அப்படியே இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி அந்த இடைவெளியிலிருந்து தொடங்குகிறது.

பேசுவதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை, ஏழு பேர் கொண்ட டீம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுக்காரர்களுக்காக ஒரு மொபைல் ஆப் செய்கிறார்கள். படகு கடலுக்குப் போகும் முன் டீசல், ஐஸ், சமையல் சாமான் செலவு. திரும்பி வந்ததும் மீன் ஏலம். வரவில் செலவைக் கழித்து, மீதியைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பது. நோட்டுப் புத்தகத்தில் நடக்கும் இந்தக் கணக்கைப் போனுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. கீழே வரும் தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை.

பெயர்க்காரணம் இரண்டு வரியில். ஸ்க்ரம் என்பது ரக்பி ஆட்டத்துச் சொல். 1986-ல் ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள், புதுப் பொருள்களை வேகமாக உருவாக்கும் டீம்களை ரக்பி டீமோடு ஒப்பிட்டார்கள்: ரிலே ஓட்டத்தில் போல ஒருவர் ஓடி முடித்து அடுத்தவரிடம் கொடுப்பதில்லை, பந்தைக் கைமாற்றிக்கொண்டே மொத்த டீமும் முன்னேறுகிறது. ரக்பி பார்த்திராதவர்கள் வியாசர்பாடி மைதானத்துக் கால்பந்தை நினைத்துக்கொள்ளலாம். பாஸ் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பவனை அங்கே யாரும் டீமில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வாபரும் 1995-ல் இதைச் சாஃப்ட்வேர் வேலைக்கான முறையாக ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அஜைல் என்பது அந்தப் பொதுவான சிந்தனை, ஸ்க்ரம் அதைக் கடைப்பிடிக்கும் வழிகளில் ஒன்று. ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ‘ஸ்க்ரம் கைடு’ இலவசமாகவே கிடைக்கிறது. கடைசியாகத் திருத்தியது 2020 நவம்பரில். பதினைந்து பக்கம்கூட வராது. யார் சொல்வதைக் கேட்பதற்கு முன்பும் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதல் வேலை: ‘முடிந்தது’ என்றால் என்ன?

டீம் மொத்தமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு வேலையை எப்போது வேலைப் பலகையின் (போர்டு) ‘முடிந்தது’ பத்திக்கு நகர்த்தலாம் என்று எழுதுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே பட்டியல். நம் உதாரண டீமுக்கு இப்படி வரலாம்:

- கோட் எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.
- கணக்குப் போடும் பகுதிகளுக்குத் தானியங்கி டெஸ்ட் எழுதி, எல்லாம் பாஸ் ஆகியிருக்க வேண்டும்.
- டெவலப்பரின் லேப்டாப்பில் ஓடினால் போதாது. டெஸ்ட் சர்வரில் ஏற்றி, விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
- நெட் இல்லாத இடத்தில் பதிந்த செலவு, நெட் வந்ததும் ஒரே ஒரு முறை மட்டும் சேமிக்கப்பட வேண்டும்.
- திரையில் வரும் தமிழ் எழுத்து உடையாமலும் பட்டனுக்கு வெளியே வழியாமலும் இருக்க வேண்டும்.
- புராடக்ட் ஓனர், அதாவது எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர், பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது வரியைக் கவனியுங்கள். ஹார்பர் வேலைக்கான ஆப்பில் அது இல்லாமல் மற்ற ஐந்தும் வீண். கடலிலிருந்து திரும்பும் படகில் பதிந்த டீசல் கணக்கு சிக்னல் கிடைத்ததும் இரண்டு தடவை ஏறினால், அன்றைக்கே படகுக்காரர் நோட்டுக்குத் திரும்பிவிடுவார். உங்கள் பட்டியலிலும் இப்படி உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு வரி இருக்க வேண்டும். இன்னொரு டீமின் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டால் அந்த வரிதான் விட்டுப்போகும்.

முதல் நாளே இருபது வரி எழுதாதீர்கள். கடைப்பிடிக்கக் கூடிய ஆறு வரி போதும், போகப் போகச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்ற நிலை ஸ்க்ரமில் கிடையாது. இந்த இடத்தில் இளகிக் கொடுத்த டீமுக்கு மீதி எந்த விதியும் உதவாது. ஏனென்றால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்ற எண்ணே தப்பாகிவிடும், அதன்மேல் போடுகிற திட்டம் எல்லாம் தப்பாகும்.

வேலையை நறுக்கும் விதம்

ஸ்க்ரம் தோற்கும் இடங்களில் பாதி இங்கேதான். பேக்லாக் என்பது செய்ய வேண்டியவற்றின் வரிசைப் பட்டியல். அதில் ‘டிரிப் கணக்கு மாட்யூல்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதை ஒரு ஸ்பிரிண்டில், அதாவது டீம் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இரண்டு வாரச் சுற்றில், முடிக்க முடியாது. உடனே டெவலப்பர்கள் தங்களுக்குப் பழகின மாதிரி நறுக்குவார்கள்: முதல் ஸ்பிரிண்டில் டேட்டாபேஸ், இரண்டாவதில் ஏபிஐ (திரையையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பகுதி), மூன்றாவதில் திரை. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஆறாவது வாரம் வரை படகுக்காரரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஆறாவது வாரத்தில் அவர், "எங்க கணக்கு இப்படி இல்லையே" என்றால் மூன்று அடுக்கையும் திருப்பி எழுத வேண்டும்.

நறுக்க வேண்டியது மேலிருந்து கீழாக. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் திரை, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் டேட்டாபேஸ் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனியாகவே யாருக்காவது பயன்பட வேண்டும்:

1. ஒரு படகு, ஒரு டிரிப். டீசல், ஐஸ், சாமான் செலவைப் பதிந்து மொத்தத்தைப் பார்ப்பது.
2. ஏல வரவைப் பதிந்து மீதியைப் பார்ப்பது.
3. நிலையான விகிதத்தில் பங்கு பிரிப்பது.
4. ஆட்கள் வாங்கிய முன்பணத்தைக் கழிப்பது.
5. விகிதத்தைப் படகுக்குப் படகு மாற்றிக்கொள்வது.
6. கணக்குச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது.

முதல் துண்டு முடிந்த அன்றே ஒரு படகுக்காரர் அதைத் தொட்டுப் பார்க்கலாம். மூன்றாவதில் விகிதத்தைக் கோடிலேயே நிலையாக வைத்திருப்பது சில டெவலப்பர்களுக்கு உறுத்தும். உறுத்தட்டும். ஐந்தாவதில் அது மாறத்தான் போகிறது, அதற்குள் உண்மையில் எத்தனை விதமான விகிதம் புழக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ‘இப்படி வந்தால் சரி’ என்று உதாரணத் தொகையோடு எழுதுங்கள். மூன்றாவது, நான்காவது துண்டுகளுக்கு: டீசல் 2,80,000, ஐஸ் 36,000, சாமான் 24,000, ஆகச் செலவு 3,40,000 ரூபாய். ஏல வரவு 5,90,000. மீதி 2,50,000. படகுக்கு 60, ஆட்களுக்கு 40 என்றால் ஆட்கள் பங்கு 1,00,000. ஆட்கள் 9 பேர், அதில் டிரைவருக்கு இரண்டு பங்கு, ஆக 10 பங்கு. ஒரு பங்கு 10,000, டிரைவருக்கு 20,000. முன்பணம் 4,000 வாங்கிய ஆளுக்குக் கையில் 6,000.

இவ்வளவையும் எழுதும்போதுதான் யாராவது கேட்பார்: வரவு வெறும் 3,00,000 ஆக இருந்தால்? செலவைவிட 40,000 குறைவு. அந்த நஷ்டத்தைப் படகு முழுசாகத் தாங்குமா, அடுத்த டிரிப்பில் கழித்துக்கொள்வார்களா? முன்பணம் பங்கைவிட அதிகமாக இருந்தால் பாக்கியாக நிற்குமா? இந்தக் கேள்விகளுக்கு டெவலப்பர் ஊகித்து பதில் வைக்கக் கூடாது. புராடக்ட் ஓனர் ஹார்பருக்குப் போய்க் கேட்டு வர வேண்டும். ஸ்பிரிண்ட் தொடங்கும் முன் கேட்டால் பத்து நிமிடப் பேச்சு. ஸ்பிரிண்டின் எட்டாம் நாள் கேட்டால் இரண்டு நாள் வேலை வீண். இப்படி முன்கூட்டியே பேசித் தெளிவாக்குவதைத்தான் ரிஃபைன்மென்ட் என்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்குப் போதுமான வேலை தெளிவாக இருந்தால் போதும். அதற்கு மேல் நுணுக்கமாக எழுதி வைப்பது எல்லாம் திரும்ப எழுதத்தான் வேண்டியிருக்கும்.

யார் யார்

மூன்று பொறுப்புகள்தான். எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர் புராடக்ட் ஓனர். ஒருவர்தான் இருக்க வேண்டும், கமிட்டி கூடாது. எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பவர்கள் டெவலப்பர்கள். டெஸ்ட் செய்பவரும் டிசைன் செய்பவரும் இதில் அடக்கம். முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்து, தடைகளை விலக்குபவர் ஸ்க்ரம் மாஸ்டர். மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல் இருப்பது நல்லது. நம் உதாரணத்தில் ஒரு புராடக்ட் ஓனர், ஒரு ஸ்க்ரம் மாஸ்டர், டெஸ்டர் உட்பட ஐந்து டெவலப்பர்கள்.

நம் ஊர் கம்பெனிகளில் டீம் லீடுக்கே ஸ்க்ரம் மாஸ்டர் என்று பெயர் மாற்றிவிடுவது வழக்கம். அவர் பழையபடி "நீ இதப் பண்ணு, நீ அதப் பண்ணு" என்று வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்படியானால் பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. வேறு ஆள் இல்லாமல் லீடேதான் ஸ்க்ரம் மாஸ்டராக இருக்க வேண்டும் என்றால் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: வேலையை யாருக்கும் அவர் கொடுக்கக் கூடாது, போர்டிலிருந்து அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாள்காட்டியும் நேரமும்

ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. புது டீமுக்கு இரண்டு வாரம் சரியாக வரும். திங்கள்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிக்காதீர்கள். லீவு அதிகம் விழும் நாள்கள் அவை இரண்டும்தான். புதன்கிழமை தொடங்கி இரண்டாவது செவ்வாய்க்கிழமை முடித்தால் பத்து வேலை நாள் வரும். புது வெர்ஷனை வியாழக்கிழமைக்குள் வெளியிட்டுவிடுங்கள். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் மீன் வாங்கும் கூட்டம் அலைமோதும். அந்த நேரத்தில் ஆப் நின்றால் பழி பெரிதாக வரும், சரிசெய்ய ஆளும் இருக்காது. உங்கள் வாடிக்கையாளருக்கும் இப்படி ஒரு ‘தொடக் கூடாத நாள்’ இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்கு பில்லிங் செய்கிற டீமுக்கு அது தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்.

ஒரு மாத ஸ்பிரிண்டுக்குத் திட்டமிடல் அதிகபட்சம் 8 மணி நேரம், ரிவ்யூ (முடித்ததை வாடிக்கையாளருக்குக் காட்டுவது) 4 மணி நேரம், ரெட்ரோ (வேலை செய்த விதத்தை டீம் திரும்பிப் பார்ப்பது) 3 மணி நேரம் என்று கைடு வரம்பு வைக்கிறது. இரண்டு வாரத்துக்கு அதில் பாதி: 4, 2, 1½. தினசரி ஸ்க்ரம் எவ்வளவு நீள ஸ்பிரிண்டானாலும் 15 நிமிடம்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஐந்து டெவலப்பர்கள், பத்து நாள், ஆக 50 ஆள்நாள். ஒரு அரசு விடுமுறை வந்தால் 5 போயிற்று, சொந்த லீவு 3, மிச்சம் 42. மேலே சொன்ன மீட்டிங்குகள் ஆளுக்கு 10 மணி நேரம், ஐந்து பேருக்கு ஏறக்குறைய 6 ஆள்நாள், மிச்சம் 36. ரிஃபைன்மென்டுக்கு 3 கழித்தால் 33. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பில் வரும் புகார்களுக்கு ஒருவரின் பாதி நேரம், அதாவது 5. கடைசியில் கையில் இருப்பது 28. ஐம்பதுக்குத் திட்டம் போட்டு இருபத்தெட்டை வைத்துக்கொண்டு ஓடுவதால்தான் பல டீம்கள் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் தோற்றதுபோல உணர்கிறார்கள். சோம்பேறித்தனம் எங்கும் இல்லை, கழித்தல் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு சப்வேயில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமிருந்து வருபவரின் காலை நேரம் போய்விடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் இருக்காது. மழைக்காலத்தில் பெரிய ரிலீஸ் தேதி எதையும் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

திட்டமிடல்

முதல் கேள்வி: இந்த ஸ்பிரிண்ட் எதற்காக? பதில் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். ‘ஒரு படகுக்காரர் ஒரு டிரிப்பின் பங்குக் கணக்கை நோட்டைத் தொடாமல் போனிலேயே முடிக்க முடிய வேண்டும்.’ இதுதான் ஸ்பிரிண்ட் கோல். ‘12 வேலையை முடிப்பது’ என்பது கோல் ஆகாது. கோல் இருந்தால்தான், ஆறாம் நாள் நேரம் பற்றாது என்று தெரியும்போது எதை விடலாம் என்று முடிவெடுக்க முடியும். மேலே சொன்ன கோலுக்கு வாட்ஸ்அப் சீட்டு இல்லாமலும் சமாளிக்கலாம், முன்பணக் கழிவு இல்லாமல் முடியாது.

வேலையின் அளவை மதிப்பிட நிறைய டீம்கள் ஸ்டோரி பாயின்ட் என்ற ஒப்பீட்டு எண்ணை வைத்துக்கொள்கின்றன. அது ஸ்க்ரம் கைடில் இல்லை, விருப்பம்தான். வைத்தால் 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாரும் தங்கள் எண்ணை எழுதிய சீட்டை ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 8 என்றும் காட்டினால் அந்த இருவரும் முதலில் பேசட்டும். டெஸ்டர் 8 காட்டியிருப்பார், காரணம் கேட்டால் "நெட் கட் ஆகி வர்ற ஆறு விதத்தயும் பாக்கணும்" என்பார். டெவலப்பருக்கு அது தோன்றியே இருக்காது. மதிப்பிடும் கூட்டத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்தப் பேச்சுதான். நடுவில் 5 என்று சராசரி போட்டுவிட்டு நகர்ந்தால் அதை இழந்துவிடுவீர்கள். 13 வந்த வேலையை அப்படியே எடுக்காமல் மறுபடி நறுக்குங்கள்.

தினமும் பதினைந்து நிமிடம்

பழைய பழக்கம்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை. ஆளாளுக்கு மேனேஜர் முகத்தைப் பார்த்து ஒப்பிப்பார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். 2020 திருத்தத்தில் இந்த மூன்று கேள்விகளையும் கைடு எடுத்துவிட்டது. அதற்குப் பதில் போர்டை வலமிருந்து இடமாக நடந்து பாருங்கள். ‘முடிந்தது’க்கு மிக அருகில் இருக்கும் வேலையில் தொடங்கி, இதை இன்றைக்கு முடிக்க யார் கை கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆளைப் பற்றிய பேச்சு வேலையைப் பற்றிய பேச்சாக மாறும். தொழில்நுட்ப விவாதம் கிளம்பினால் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் கூட்டம் முடிந்த பிறகு தனியாகப் பேசட்டும்.

நேரத்தை டீமே முடிவு செய்யட்டும். எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும் ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, தாமதமாக வந்தால் அபராதம் போடுவதில் அர்த்தமில்லை. பத்தரைக்கு வையுங்கள், தவறாமல் பத்தரைக்கே தொடங்குங்கள்.

போர்டில் ஐந்து பத்தி போதும்: எடுக்க வேண்டியது, நடக்கிறது, கோட் ரிவ்யூ, டெஸ்டிங், முடிந்தது. ‘நடக்கிறது’ பத்தியில் ஐந்து டெவலப்பர்களுக்கு மூன்று வேலைக்கு மேல் கூடாது என்று வரம்பு வையுங்கள். "ரெண்டு பேர் சும்மா இருப்பாங்களே?" என்று கேட்பார்கள். இருக்க மாட்டார்கள், கோட் ரிவ்யூவிலோ டெஸ்டிங்கிலோ தேங்கி நிற்பதை நகர்த்துவார்கள். காரணம் எளிய வகுத்தல். வாரத்துக்கு 3 வேலை முடிக்கும் டீம் ஒரே சமயத்தில் 12 வேலையைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொன்றும் உள்ளே நுழைந்து வெளியே வரச் சராசரியாக 4 வாரம் ஆகும். 6 மட்டும் திறந்திருந்தால் 2 வாரம். யாரும் வேகமாக உழைக்கவில்லை, திறந்த கதவுகள்தான் குறைந்தன.

இங்கே வரும் பெரிய நோய் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் எட்டு நாள் எல்லாரும் கோட் எழுதுவார்கள், ஒன்பதாம் நாள் ஏழு வேலை ஒன்றாக டெஸ்டர் தலையில் விழும். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் பிழைகளைத் திருத்த நாள் இருக்காது. "டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி" பிறக்கும் இடம் இதுதான். மருந்து: முதல் வேலை மூன்றாம் நாளுக்குள் டெஸ்டிங் பத்திக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால், எடுத்த துண்டு பெரிது. டெஸ்டர் முதல் நாளே உதாரணத் தொகைகளை எடுத்து, டெவலப்பரோடு உட்கார்ந்து டெஸ்ட் எழுதத் தொடங்கட்டும்.

கோட் எப்படி எழுத வேண்டும் என்று ஸ்க்ரம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு அஜைல் வழியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்: தானியங்கி டெஸ்ட், தினமும் எல்லார் கோடையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது, கடினமான இடத்தில் இருவர் சேர்ந்து எழுதுவது. இவை இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிட்டால், நாலாவது ஸ்பிரிண்டிலிருந்து பழையது உடைவதைச் சரிசெய்யவே நேரம் போகும்.

நடுவில் வரும் வேலை

ஐந்தாம் நாள் போன் வரும்: ஐஸ் விலை அடிக்கடி மாறுகிறது, உடனே ஒரு வசதி வேண்டும். புராடக்ட் ஓனர் வழியாகத்தான் அது வர வேண்டும், டெவலப்பரின் வாட்ஸ்அப்புக்கு நேராக வரக் கூடாது. உள்ளே எடுத்தால் அதே அளவு வேலை ஒன்று வெளியே போக வேண்டும், ஸ்பிரிண்ட் கோல் உடையக் கூடாது. கணக்குத் தப்பாக வருகிறது என்ற புகாருக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், அதை உடனே எடுங்கள். அதற்குத்தான் 5 ஆள்நாள் ஒதுக்கியிருக்கிறோம். கோலுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விட்டால் ஸ்பிரிண்டை ரத்து செய்யலாம். அந்த அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு மட்டும்.

இப்படி நடுவில் வருவதே உங்கள் முழு வேலை என்றால், அதாவது சப்போர்ட் டீம் என்றால், ஸ்க்ரம் வேண்டாம். மேலே சொன்ன போர்டும் வரம்பும் மட்டும் வைத்துக்கொண்டு கான்பான் முறைக்குப் போங்கள்.

ரிவ்யூ

பவர்பாயின்ட் வேண்டாம். போனைப் படகுக்காரர் கையில் கொடுங்கள். "இந்த டிரிப்புக்கு டீசல் செலவப் போடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இது கடினம். விரல் எங்கே தயங்குகிறது, எந்த வார்த்தையை இரண்டு முறை படிக்கிறார் என்று எழுதுங்கள். ‘செலவினம்’ என்று திரையில் எழுதியிருப்பீர்கள், அவர் ‘செலவு’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். விடியற்காலை ஏலம் நடக்கும் தொழில் என்பதால் அவர் ஓய்ந்திருக்கும் பதினொரு மணிக்கு வையுங்கள், முடிந்தால் ஹார்பர் பக்கத்திலேயே. ‘முடிந்தது’ பட்டியலைத் தாண்டாத எதையும் காட்டக் கூடாது. "இது அடுத்த வாரம் வந்துடும்" என்று அரைகுறையைக் காட்டினால், அது வந்துவிட்டது என்றுதான் அவர் மனதில் பதியும்.

ஒரு நுணுக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகுக்காரர்களுக்கு ரிவ்யூவுக்கு வர நேரம் இருக்கும், கருத்துகள் கொட்டும். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஆப்பில் ஓர் உண்மையான டிரிப்கூடப் பதிவாகாது. அப்போது வருவது அபிப்பிராயம் மட்டும், ஓடித் தெரிந்த குறை இல்லை. தடைக்காலத்தில் முடிக்கும் வேலைகளில் கணக்கு சம்பந்தப்பட்டதைப் பழைய நோட்டுகளில் இருக்கும் டிரிப்களை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஜூன் பிற்பாதியில் முதல் டிரிப்கள் திரும்பும்போது டீமில் இருவரையாவது வேறு வேலை இல்லாமல் வைத்திருங்கள்.

ரெட்ரோ

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கும். லீடை ‘சார்’ என்றோ ‘அண்ணா’ என்றோ கூப்பிடும் இருபத்திரண்டு வயதுப் பையன், அவர் முடிவு தப்பு என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல மாட்டான். மரியாதைதான் காரணம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. முறையை மாற்றுங்கள்: முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கு மூன்று சீட்டு எழுதட்டும். ஸ்க்ரம் மாஸ்டர் சேர்த்துப் படிக்கட்டும். வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேசட்டும், லீட் கடைசியில். மேனேஜர் அறையில் இருக்கக் கூடாது.

கடைசியில் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் போட்டு, மற்ற வேலைகளைப் போல அடுத்த ஸ்பிரிண்ட் போர்டிலேயே ஒட்டுங்கள். ‘கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்’ என்பது மாற்றம் ஆகாது. ‘கோட் ரிவ்யூவுக்கு வந்ததை நாலு மணி நேரத்துக்குள் யாராவது எடுக்க வேண்டும்’ என்பது மாற்றம்.

"எப்ப முடியும்?"

முதலாளியும் வாடிக்கையாளரும் கேட்கத்தான் செய்வார்கள், கேட்பது நியாயம். ஒரே தேதி சொல்லாமல் வரம்பாகச் சொல்லுங்கள். கடந்த மூன்று ஸ்பிரிண்டில் முடித்தது 18, 25, 21 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 130. நல்லபடி போனால் 130-ஐ 25-ஆல் வகுத்து 6 ஸ்பிரிண்ட், மெதுவாகப் போனால் 18-ஆல் வகுத்து 8. ஆகவே பதில்: "12 முதல் 16 வாரம். ஒவ்வொரு ரிவ்யூவிலும் இந்த வரம்பைத் திருத்திச் சொல்வோம்." பாதி முடிந்த வேலைக்குப் பாதி பாயின்ட் போடக் கூடாது, பூஜ்யம்தான். இரண்டு டீம்களின் பாயின்டை ஒப்பிடவே கூடாது. ஒப்பிடத் தொடங்கிய மாதமே, நேற்று வரை 3 ஆக இருந்த வேலை 5 ஆகிவிடும்.

விலையும் தேதியும் நிர்ணயித்த கான்ட்ராக்ட் என்றால் அந்த இரண்டையும் மாற்ற முடியாது, செய்யும் வேலையின் அளவுதான் நெகிழ வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவெடுக்கக் கூடிய ஒருவர் ஒரு மணி நேரம் வந்து பார்க்க வேண்டும், எதையாவது சேர்த்தால் சம அளவில் வேறொன்றை எடுத்துவிடலாம். வாடிக்கையாளர் அந்த ஒரு மணி நேரம்கூடத் தர மாட்டேன் என்றால், தொடங்கும் முன்பே நன்றாக யோசியுங்கள்.

தொடங்குவதற்கு

இந்த வாரம் ‘முடிந்தது’ பட்டியலை எழுதுங்கள். கையில் இருக்கும் வேலைகளில் உண்மையில் எத்தனை அந்தப் பட்டியலைத் தாண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். எண் சின்னதாக வரும், வந்ததை அப்படியே போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ரிஃபைன்மென்டில் மிகப் பெரிய வேலை ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக ஐந்து துண்டாக நறுக்குங்கள். வாடிக்கையாளரில் ஒருவரைப் பிடித்து, அடுத்த செவ்வாய் இல்லை, அதற்கடுத்த செவ்வாய் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். புதன்கிழமை காலை முதல் ஸ்பிரிண்டைத் தொடங்கிவிடலாம். டூல் வாங்குவதற்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு வெள்ளைப் பலகையும் பிராட்வேயில் கிடைக்கும் ஸ்டிக்கி நோட் இரண்டு கட்டும் போதும்.